வினாவின் தகுதி

அறிஞரை அணுகி அவர்தம் கருத்தை வினவிப் பெறும் நேர்காணல், இதழியலோடு தமிழுக்கு வந்த புதுவகை என்று கருதுவார் உளர். அச்சிதழ் அதற்குப் பெருவாழ்வு தந்தது உண்மையே. 1991 முதல் 1995 வரை கோமல் சுவாமிநாதனை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த 'சுபமங்களா', எழுத்தாளர், கலைஞர், அரசியலார் ஆகியோருடன் நிகழ்த்திய நீண்ட நேர்காணல்களால் இன்றும் நினைக்கப்படுகின்றது. எனினும், இவ்வகையை மதிப்பிடும் நாம் விடையளித்தவரின் பெருமையையே அளவுகோலாகக் கொள்கின்றோம், வினாவை ஆராய்வதில்லை. இது குறையுடைய திறனாய்வு என்பதே நம் கருத்து.

வினாவை ஆராயும் கருவி நம்மிடம் உண்டு. நன்னூலார் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என அறுவகைப்படுத்தினார். இவற்றுள் முதல் மூன்றும் நேர்காணலுக்கு உரைகல் ஆகும். விடையை முன்னரே கைக்கொண்டு கேட்பது அறிவினா; அது மாணவனைத் தேர்வு செய்ய உதவும், அறிஞரை அறிய உதவாது. அறியாமையை ஒப்புக்கொண்டும் ஐயத்தை மறையாதும் கேட்கும்பொழுதே உரையாடல் தொடங்குகின்றது.

இதற்கு மணிமேகலையின் 'சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை' சிறந்த சான்று. வஞ்சி மாநகரில் அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பதின்மரை அவள் காண்கிறாள். ஏனையோர் கூறியவற்றைக் கேட்டு அகல்பவள், பூதவாதியிடம் மட்டும் நின்று வழக்காடுகின்றாள். காட்சி ஒன்றே அளவை என்பானை நோக்கி, கருத்தளவை இன்றி உன் தாய் தந்தையரை எவ்வாறு அறிந்தாய் என மடக்குகின்றாள். பதின்மருள் நம் நெஞ்சில் நிலைப்பது இவ்வுரையாடலே. விடையின் மேல் எழுந்த வினாவே அதற்குக் காரணம்.

அக்காதைக்கு முன் நிகழ்ந்த ஒன்றும் கருதத்தக்கது. இளம்பெண் எனக் கண்டால் எவரும் உண்மைப் பொருள் உரையார் ஆதலின், அவள் மாதவர் வடிவு கொள்ள நேர்கின்றது. கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தே விடை திறக்கும் என்பதைச் சாத்தனார் நன்கு அறிந்திருந்தார். கேட்கப்படுபவர் யார் என்பதற்கும் இது பொருந்தும்.

எண்ணூருக்கு வடக்கே, கடலுக்கும் பழவேற்காட்டை நோக்கி விரியும் உப்பங்கழிக்கும் இடையே அமைந்தது காட்டுப்பள்ளி. 2013இல் அங்குத் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அதன் விரிவாக்கம் பற்றி மக்கள் கருத்தைக் கேட்க 2021 சனவரியில் அறிவிக்கப்பெற்ற கூட்டமும், மீண்டும் 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பெற்ற கூட்டமும் தள்ளிவைக்கப்பெற்றன. இக்கரையோர மீனவர் காற்றின் திசையும் நீரோட்டத்தின் போக்கும் நோக்கி வலை விடுபவர்; பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்னும் முறையால், எவர் எந்நாள் எவ்விடத்து வலையிடுவது என வகுத்து வாழ்பவர். முன்னது அறிவியல், பின்னது அரசியல். ஆயினும் சிந்தனையாளர் வரிசையில் இவர்களை வைத்து வினவும் வழக்கம் நம்மிடம் அருகியே உள்ளது.

களப்பணிக்குச் செல்லும் முதுகலை மாணவர் பலர் அச்சிட்ட வினாநிரலோடு சென்று, தாம் எதிர்பார்த்த விடைகளைக் கொண்டு மீள்கின்றனர். அவை பெரும்பாலும் அறிவினாக்களே. நெய்தல் திணையை ஏட்டில் பயின்ற நாம், அத்திணையில் வாழ்வாரிடம் வாழ்வின் துன்பத்தை மட்டும் கேட்கின்றோம். அவர்தம் கொள்கையைக் கேட்பதில்லை. துன்பம் கேட்பது இரக்கம். கொள்கை கேட்பதே மதிப்பு.

ஆகவே நேர்காணலை ஆராய்வோர், வந்த விடையின் மேல் வினா எழுந்ததா, கேட்டவரின் கருத்து எவ்விடத்தேனும் மாறியதா என்னும் இரண்டையும் நோக்குதல் வேண்டும். பூதவாதியிடம் வழக்காடிய மணிமேகலை, தன்னினும் மூத்த அறிஞரை மறுக்க அஞ்சவில்லை. அதற்குமுன் அனைவர் உரையையும் பொறுமையோடு கேட்டாள். அப்பொறுமையும் அத்துணிவும் ஒருங்கே வாய்ந்த நேர்காணலே இலக்கியம் எனும் பெயர்க்கு உரியது. பேரறிஞர் இல்லமாயினும் காட்டுப்பள்ளிக் கரையாயினும் அதற்கு இலக்கணம் ஒன்றே.