யார் கைக் கத்தரிக்கோல்?

1999-ஆம் ஆண்டில் ஜார்ஜ் லூகாஸின் 'ஸ்டார் வார்ஸ்' விண்வெளிக் கதை வரிசையில் 'தி பேண்டம் மெனஸ்' வெளிவந்தபோது, பதினாறு ஆண்டுகள் காத்திருந்த இரசிகர்கள் இரு கூறாயினர். வசூல் குவிந்தது, மனக்குறையும் குவிந்தது. ஜார் ஜார் பிங்க்ஸ் என்னும் கோமாளிப் பாத்திரம் பலருக்கு எரிச்சலூட்டிற்று. இரசிகர் ஒருவர், தொழிலாற் படத்தொகுப்பாளர், கால்மணி நேரத்திற்கு மேற்பட்ட பகுதிகளை வெட்டி, 'தி பேண்டம் எடிட்' என்னும் பெயரில் வீடியோ நாடாவாக உலவவிட்டார்.

குறை கூறுவதோடு நில்லாமல் அதனைக் களைந்து காட்டுவதும் விமர்சனமே என்பது நம் கருத்து. கோமாளியின் சேட்டை குறைந்ததும் கதை விரைகின்றது. ஆயினும் வரிவிதிப்புப் பூசல் பற்றிய வறட்டு உரையாடல்களுக்கு எந்தக் கத்தரிக்கோலால் உயிரூட்ட இயலும்?

அத்துமீறல் என்று இதனைச் சாடுவோர் மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணமேற்றி அவற்றைச் சிதைப்பதை எதிர்த்து, 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் முழங்கியவர் இதே லூகாஸ். அவரே 1997-இல் தமது 1977-ஆம் ஆண்டுப் படத்தைத் திருத்தினார். மதுக்கூடத்தில் ஹான் சோலோ முந்திச் சுட்டது, எதிரி முந்திச் சுட்டதாக மாறிற்று. அந்தப் பாத்திரத்தின் முரட்டுக் குணமே அந்நொடியில் மழுங்கிவிட்டது!

இரசிகர் வெட்டியபோது மூலப்படம் அப்படியே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வழியிருந்தது. படைத்தவர் திருத்தியபோதோ பழையது பின்னுக்குத் தள்ளப்பட்டது. 2006-இல் டி.வி.டி.யில் வெறும் இணைப்பாக, மங்கலாகவே அது வந்தது. மனம் ஆறாத இரசிகர் சிலர், பல பிரதிகளிலிருந்து துண்டு துண்டாய்த் திரட்டி, 1977-இல் திரையில் ஓடிய வடிவத்தை மீண்டும் ஒட்டி எடுத்தனர்.