வானம் திறந்திருந்தால் போதுமா?

மதுக்கரை வட்டாரத்து வாசகர்களுக்குச் செட்டிபாளையத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கரி மோட்டார் பந்தயத் தளம் 2003-ஆம் ஆண்டு முதல் அங்கே இயங்கி வருகிறது. கோவை வட்டாரத்தின் ஜல்லிக்கட்டு விழாவும் அண்மை ஆண்டுகளில் அவ்வூர்ப் பக்கமே நடைபெறுகிறது. ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் உரசி நாள் முழுதும் அமர்ந்திருக்கும் கூட்டங்கள் இவை. இப்படிப்பட்ட இடத்தில் புகை பிடிக்கலாகாது என்று சொல்லிப் பாருங்கள். “ஏனுங்க, திறந்த வெளிதானுங்களே! கணவாய்க் காத்து அடிச்சுக்கிட்டுப் போயிராதுங்களா?” என்று பதில் வரும்.

பதில் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயின் காற்று நாம் அறியாததன்று. ஆனால் இந்தப் பதில் எவ்வளவு தூரம் உண்மை, எந்த இடத்தில் பொய்யாகிறது என்பதை அளந்து பார்க்க வேண்டாமா?

அளந்து பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த நீல் கிளெபைஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் பூங்காக்களிலும் வெளிப்புற உணவகங்களிலும் கருவிகளை வைத்துச் சிகரெட் புகையின் நுண்துகள்களை அளந்து, 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். சிகரெட்டை அணைத்தவுடன் திறந்த வெளியில் புகை விரைவில் மறைந்துவிடுகிறது. அறைக்குள் நடப்பதுபோல் தங்கி நிற்பதில்லை. புகைப்பவரிடமிருந்து 2 மீட்டருக்கு அப்பால் காற்று ஏறக்குறைய இயல்பாகவே இருக்கிறது. எனவே ஒரு சிகரெட் மைதானம் முழுவதையும் நஞ்சாக்கிவிடும் என்று மேடையில் முழங்குவோர் மிகைப்படுத்துகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். ஆனால் அதே ஆய்வு மற்றொன்றையும் கண்டது. காற்று வீசும் திசையில் அரை மீட்டர் தொலைவில் இருப்பவர், வீட்டுக்குள் புகைப்பவரின் பக்கத்தில் இருப்பவருக்கு ஒப்பான அளவு புகையைச் சுவாசிக்க நேரிடுகிறது.

இப்போது கேலரிக்கு வருவோம். அங்கே ஓராளுக்குக் கிடைக்கும் அகலம் அரை மீட்டர்தான். படிக்குப் படி முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாணவ வாசகர்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளட்டும். 2 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 12.5 சதுர மீட்டர். ஒருவர் அடைக்கும் இடம் 0.375 சதுர மீட்டர். வகுத்தால் 33 பேர் வருகிறார்கள்! 2016-17-இல் இந்தியாவில் நடத்தப்பெற்ற புகையிலைக் கணக்கெடுப்பின்படி வயது வந்த ஆண்களில் நூற்றுக்கு 19 பேர் புகைப்பவர்கள். பெரும்பாலும் ஆண்களே நிரம்பிய கேலரியில், அந்த ஒரு வட்டத்துக்குள்ளேயே ஆறு பேர் அமைந்துவிடுகின்றனர். ஆகவே 2 மீட்டர் விலகி இருக்கும் வாய்ப்பு அங்கே எவருக்கும் இல்லை. தலைக்கு மேலே வானம் திறந்திருக்கிறது. முழங்கைப் பக்கம் மூடிக் கிடக்கிறது.

காற்று? அது புகையை அழிப்பதில்லை. ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் கொண்டு சேர்க்கிறது. அன்றியும், நெருக்கியடித்து உட்கார்ந்த கூட்டமே காற்றுக்கு ஒரு வேலி. சிமெண்டு ஆலையோடு தலைமுறைகளாக வாழ்ந்த மதுக்கரை மக்கள் தூசியை நன்கு அறிவார்கள். ஓட்டின்மீது படியும் தூசி கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். சிகரெட் புகைத் துகள்களோ பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. அவை எளிதில் படிவதில்லை. மூச்சோடு நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. பிறர் சுவாசிக்கும் புகையில் பெரும் பகுதி புகைப்பவர் ஊதி விடுவதுமன்று. இரண்டு இழுப்புகளுக்கு இடையே நுனி தானாகக் கனிந்துகொண்டிருக்கும்போது எழுவதாகும்.

புகை பிடிக்காதவர்களை அரை மணி நேரம் புகை நிறைந்த அறையில் இருத்தியபோது, அவர்களுடைய இதயத் தமனிகளில் இரத்த ஓட்டம் பெருகும் திறன் குறைந்ததை ஜப்பானிய மருத்துவர்கள் 2001-இல் காட்டினர். அது மூடிய அறையில் நடந்த சோதனை. அதை அப்படியே கேலரிக்குப் பொருத்துவது முறையன்று. ஆனால் ஜல்லிக்கட்டு அரை மணியில் முடிவதுமில்லை. பார்வையாளர் எழுந்து வேறிடம் போகலாம், இடம் கிடைத்தால். பந்தோபஸ்துக்கு நிற்கும் காவலர், கால்நடை மருத்துவர், ஆம்புலன்ஸ் ஊழியர், கேலரி ஓரத்தில் தண்ணீர் விற்கும் பையன் ஆகியோர் எங்கே போவார்கள்? அவர்களுக்கு அது வேலையிடம் அல்லவா?

சட்டம் என்ன சொல்கிறது? முரளி தேவரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 2 அன்று மருத்துவமனை, கல்விக்கூடம், நூலகம், இரயில் முதலிய இடங்களில் புகைப்பதைத் தடுத்தது. 2003-இல் மத்தியச் சட்டம் வந்தது. அச்சட்டம் ‘பொது இடம்’ என்பதற்கு விளக்கம் தரும்போது ‘திறந்த வெளி நீங்கலாக’ என்று ஒரு வாலைச் சேர்த்துவிட்டது. நம் கொங்கு நண்பர் சொன்ன பதிலையே சட்டம் எழுதியவர்களும் எழுதி வைத்தார்கள்! பிறகு விதிகள்தாம் இதைச் சீர்செய்தன. ஸ்டேடியம், திறந்தவெளி அரங்கம், பேருந்து நிலையம், இவை போன்ற பிற இடங்கள் ஆகியன திறந்த வெளியாகக் கருதப்படமாட்டா என்று அவை கூறுகின்றன. இங்கேதான் எனக்கு ஒரு குறை. தமிழ்நாட்டின் பெருங்கூட்டங்களில் பல, ஸ்டேடியத்தில் கூடுவதில்லை. சில நாட்களில் சவுக்குக் கழிகளை நட்டுக் கட்டிய தற்காலிகக் கேலரியில் கூடுகின்றன. அதை ‘இவை போன்ற பிற இடங்கள்’ என்ற சொற்களுக்குள் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பெயர் சொல்லியே குறித்திருக்கலாம்.

“ஒரு மூலையைப் புகைப்பவர்களுக்கு ஒதுக்கிவிட்டால் போயிற்று” என்பார் சிலர். 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் அதற்கு இடம் தரவில்லை. 30 அறைகளுக்குக் குறையாத விடுதி, 30 பேருக்குக் குறையாமல் அமரும் உணவகம், விமான நிலையம் ஆகியவற்றுக்கே அந்தச் சலுகை.

நெருப்பையும் மறந்துவிடக் கூடாது. 1985 மே 11 அன்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரக் கால்பந்து மைதானத்தில் மரக் கேலரி ஒன்று எரிந்து 56 பேர் மாண்டனர். பலகை இடுக்கின் வழியே விழுந்த தீக்குச்சியோ சிகரெட்டோ அடியில் கிடந்த குப்பையைப் பற்ற வைத்தது என்று விசாரணை முடிவு செய்தது. அந்தக் குப்பையில் 1968-ஆம் ஆண்டின் செய்தித்தாள் ஒன்றும் கிடைத்ததாம். பதினேழு ஆண்டுக் குப்பை! நம் கேலரியின் அடியில் அவ்வளவு பழைய குப்பை இராது. ஆனால் காய்ந்த கழியும் கயிறும் பலகையும் உண்டு. களத்தில் தென்னைநார்க் கழிவு பரப்பப்படுகிறது. கேலரி எவ்வளவு எடை தாங்கும் என்று பொறியாளர் பார்க்கிறார். காளைக்கு ஏதேனும் புகட்டியிருக்கிறார்களா என்று மருத்துவர் பார்க்கிறார். மாடுபிடி வீரர் குடித்திருக்கிறாரா என்றும் பார்க்கிறார்கள். பலகைக்கு அடியில் விழும் துண்டுக்கும் இதே கண்டிப்பு இருக்கிறதா என்பதை அடுத்த முறை போகும்போது நீங்களே கவனியுங்கள்.

மோட்டார் பந்தயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கார்களைப் பழுது பார்க்கும் ‘பிட்’ பகுதியில் எவரும் சிகரெட்டைப் பற்ற வைக்கமாட்டார். பெட்ரோல் ஆவி கண்ணெதிரே தண்டனை கொடுத்துவிடும். சில பத்து மீட்டர் தள்ளிப் பார்வையாளர் வரிசைக்கு வந்ததும் அதே மனிதர் கை சட்டைப் பைக்குப் போகிறது. இந்தத் தண்டனை வர இருபது ஆண்டு ஆகும், அதுவும் பக்கத்து இருக்கைக்காரருக்கு வரலாம். இவ்விளையாட்டை நெடுங்காலம் தாங்கியவை புகையிலைக் கம்பெனிகள் என்பது வேறு கதை. 2005-இல்தான் ஐரோப்பா அந்த விளம்பரங்களுக்குத் தடை விதித்தது. 1996-இல் நம் நாட்டிலும் நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பைக்கே ஒரு சிகரெட்டின் பெயர் இருந்ததை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

முடியாத காரியமன்று இது. 1988-இல் கால்கரி குளிர்கால ஒலிம்பிக் புகையின்றி நடந்தது. 2002-இல் கொரியாவிலும் ஜப்பானிலும் உலகக் கால்பந்துப் போட்டியும் அவ்வாறே நடந்தது. நம் விதிகள் கேட்பதும் அதிகமில்லை. 60 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள பலகை ஒவ்வொரு வாயிலிலும் வேண்டும். யாரிடம் புகார் செய்வது என்று ஒருவர் பெயரை எழுதி வைக்க வேண்டும். புகைப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம்; புகாரைக் கேட்டும் பேசாமல் இருக்கும் பொறுப்பாளருக்கோ, எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை அபராதம். காளையின் பெயரையும் உரிமையாளர் ஊரையும் பரிசுப் பொருளையும் விடியற்காலை முதல் அறிவித்துக்கொண்டே இருக்கும் ஒலிபெருக்கியில், புகார் கேட்பவரின் பெயரையும் இடையிடையே சேர்த்துச் சொல்லலாம்.