லிஃப்ட் பக்கத்தில் தொங்கும் சாவி

"சார், உங்க மொபைல் நம்பரையே பாஸ்வேர்டா போட்டுட்டேன். மறக்கவே மறக்காது" என்றார் ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்த தம்பி. நானும் காபி கொடுத்து அனுப்பி வைத்தேன். இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். எங்கள் அடுக்குமாடியில் பதினாறு வீடு. எல்லா வீட்டுக்காரர்களின் கைப்பேசி எண்ணும் லிஃப்ட் பக்கத்தில் அசோசியேஷன் ஒட்டிய பட்டியலில் இருக்கிறது. எத்தனை வீட்டு வைஃபையின் சாவி அங்கே தொங்குகிறதோ, யார் கண்டது!

அலுவலக லேப்டாப்பை வீட்டுக்குத் தூக்கி வந்த பிறகுதான் இது உறைத்தது. புது ரவுட்டர் ஒன்று வாங்கினேன். விலை 3,200 ரூபாய், வைஃபை 6, நான்கு ஆண்டெனா, அட்டைப்பெட்டி மேல் 'டபிள்யூபிஏ3' என்று கொட்டை எழுத்து. மூன்று வாரம் புழங்கியாயிற்று. இந்த விலையில் கிடைக்கும் ரவுட்டர்கள் உள்ளுக்குள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் என்பதால் கம்பெனி பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

முதல் மார்க் தொடக்கத் திரைக்கு. 192.168.0.1 என்று உலாவியில் அடித்ததும், நிர்வாகப் பக்கத்துக்குப் புதுக் கடவுச்சொல் ஒன்றை வை என்றது. வைக்காமல் அடுத்த பக்கத்துக்கு விடவில்லை. பழைய பெட்டியின் அடியில் பயனர் பெயர் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்' என்று ஸ்டிக்கரே உண்டு. வைஃபைக்குள் நுழைந்துவிட்டவருக்கு அடுத்த கதவும் திறந்தே கிடந்தது. வங்கித் தளங்கள் தனியாகக் குறியாக்கம் செய்துகொள்வதால் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் கணக்கை அப்படியே படித்துவிட முடியாது. ஆனால் ரவுட்டரின் டிஎன்எஸ்ஸை மாற்றி, நீங்கள் போகும் முகவரியைப் போலித் தளத்துக்குத் திருப்பப் பார்க்கலாம்.

டபிள்யூபிஏ3 என்ற வைஃபைப் பாதுகாப்பு முறை எதற்கு? 2004இல் வந்த டபிள்யூபிஏ2வில், ஒரு கருவி ரவுட்டரோடு சேரும்போது நடக்கும் கைகுலுக்கலைக் காற்றிலிருந்தே பதிவு செய்துகொள்ள முடியும். பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்க்கலாம். நம் ரவுட்டருக்கு ஒன்றும் தெரியாது. கைப்பேசி எண்ணுக்கு வருவோம். இந்திய எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்கும். மீதி ஒன்பது இலக்கம். ஆக மொத்தம் 400 கோடி சாத்தியம். பெரிய எண்போலத் தெரிகிறதா? கேம் விளையாடும் பையன்கள் வாங்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, நொடிக்குப் பத்து லட்சம் டபிள்யூபிஏ2 கடவுச்சொற்களைச் சோதிக்கும். கணக்குப் போட்டால் 4,000 நொடி. ஒன்றேகால் மணி நேரம்கூட இல்லை. லிஃப்ட் பட்டியலே வேண்டாம். 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 இந்த வீட்டுப்பாடத்துக்கு இடம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் ரவுட்டரின் வாசலுக்கு வந்துதான் ஆகவேண்டும்.

மார்க் குறைத்தது டபிள்யூபிஎஸ் விஷயத்தில். பொத்தானை அழுத்தினால் இணைந்துவிடும் அந்த வசதி, எட்டு இலக்கப் பின் எண்ணோடு, கேட்காமலே ஆன் ஆகியிருந்தது. 2011இலேயே ஸ்டெஃபான் ஃபீபெக் என்பவர் இதன் குட்டை உடைத்துவிட்டார். ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது. முதல் நான்கு இலக்கத்துக்குப் பத்தாயிரம் முயற்சி. அடுத்த பாதியில் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண் என்பதால் ஆயிரம். மொத்தம் பதினோராயிரத்தில் முடிந்தது கதை. அதன்பின் வந்த ரவுட்டர்கள் தவறான முயற்சிகளுக்குப் பிறகு பூட்டிக்கொள்கின்றன என்றாலும், கேட்காத வசதி எனக்கு எதற்கு? அணைத்தேன். அணைக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று மெனு தாண்ட வேண்டியிருந்தது.

அசடு வழிந்த கதையையும் சொல்ல வேண்டும். எல்லாம் மாற்றி முடித்துப் பெருமையோடு லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்' என்று அடித்தேன். வந்த பட்டியலில் 'ஆதென்டிகேஷன்' என்ற வரியில் டபிள்யூபிஏ2. ரவுட்டரைத் திட்டிக்கொண்டே அதே பட்டியலில் நெட்வொர்க் பெயரைப் பார்த்தால், பழைய பெயர்! ஃபைபர் கம்பெனியின் வெள்ளைப் பெட்டி டிவிக்குப் பின்னால் இருந்தபடி தன் வைஃபையை ஒலிபரப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. லேப்டாப்பும் பழைய பழக்கத்தில் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. புதுத் தேக்குக் கதவுக்குப் பூட்டு போட்டுவிட்டு, கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்திருந்தேன், மூன்று நாள். வெள்ளைப் பெட்டியின் வைஃபையை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் தனித்தனியாக அணைத்து, லேப்டாப்பில் பழைய பெயரை 'ஃபர்கெட்' கொடுத்தேன். அதற்குப் பிறகும் டபிள்யூபிஏ3 வரவில்லை. ஐந்து வருடப் பழைய லேப்டாப். வைஃபை டிரைவரைப் புதுப்பித்த பிறகே அந்த வரி மாறியது.

பிரின்டரும் டிவியும் டபிள்யூபிஏ3யைப் பார்த்ததும் கையை விரித்தன. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறை ஒன்று ரவுட்டரில் இருக்கிறது. ஆனால் அதில் டபிள்யூபிஏ2 வழியே சேரும் கருவியின் கைகுலுக்கலை முன்போலவே பிடிக்கலாம். அதனால் முதன்மை நெட்வொர்க்கை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்து, டிவியையும் பிரின்டரையும் விருந்தினர் நெட்வொர்க்குக்கு வேறு கடவுச்சொல்லோடு தள்ளினேன். லேப்டாப்பிலிருந்து நேரே அச்சடிக்க முடியாமல் போனது இதன் விலை, இப்போது பென்டிரைவ்தான். ஒவ்வொரு கடவுச்சொல்லுக்கும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்தேன். குறளை எடுத்துப் போட்டுவிடாதீர்கள், அது ஊருக்கே தெரியும். இருபத்தெட்டு எழுத்தை டிவி ரிமோட்டில் அடித்த வீட்டம்மா அன்று என்னைச் சொன்னவை அச்சில் ஏறாது.

நெட்வொர்க் பெயரை மறைப்பது, குறித்த கருவிகளை மட்டும் உள்ளே விடும் மேக் முகவரி வடிகட்டி இரண்டும் ரவுட்டரில் இருக்கின்றன. வீண் வேலை. மேக் முகவரி காற்றில் வெளிப்படையாகவே போகிறது. மறைத்த பெயரை லேப்டாப்பே கூவிக் காட்டிக்கொடுத்துவிடும்.

'யார் என் வைஃபைக்குள் வரப்போகிறார்கள்?' என்பவர்களுக்கு ஒன்று. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடம் முன்பு ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் இணைய இணைப்பு வழியே போயிருந்தது. போலீஸ் முதலில் போய் நின்றது அவர் வீட்டு வாசலில்தான்.

வாங்கலாமா? உங்கள் பழைய ரவுட்டரில் டபிள்யூபிஏ2–ஏஇஎஸ் இருந்து, ஃபர்ம்வேர் அப்டேட்டும் இன்னும் வருகிறதென்றால் 3,200 ரூபாயை மிச்சம் பிடியுங்கள். நீளமான கடவுச்சொல்லும் டபிள்யூபிஎஸ்ஸை அணைப்பதும் அதிலேயே முடியும். அதற்கும் முந்தைய டபிள்யூஇபி, அல்லது முதல் டபிள்யூபிஏ மட்டுமே இருக்கிறதென்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். எதுவானாலும் கைப்பேசி எண்ணை மட்டும் இன்றிரவே எடுத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.