பெரிய அண்ணனும் பெரிய கங்காணியும்
(ஷொஷானா ஸுபொஃப்பின் நூலை முன்வைத்துச் சில குறிப்புகள்)

தகவல் தொழில்நுட்பக் கம்பனிகள் எம்மை வேவு பார்க்கின்றன என்ற பேச்சு எழும்போதெல்லாம் எமது கட்டுரையாளர்கள் ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984' நாவலிடம் ஓடிப்போவது வழக்கமாகிவிட்டது. கூகிள் என்றாலும் பெரிய அண்ணன், பேஸ்புக் என்றாலும் பெரிய அண்ணன். ஓர் உருவகம் எழுபது வருடங்களுக்கு மேலாக உயிரோடிருப்பது அந்த எழுத்தாளனின் வல்லமைக்குச் சான்றுதான். ஆனால் பொருந்தாத இடத்தில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்படும் உருவகம் எமது பார்வையை மறைக்கவும் செய்யும். இன்றைய கம்பனி அதிகாரத்தைப் பொறுத்தவரை ஓர்வெல்லின் உருவகம் அந்த வேலையைத்தான் செய்கிறது என்பது எனது அபிப்பிராயம். அமெரிக்க ஆய்வாளர் ஷொஷானா ஸுபொஃப் 2019 இல் வெளியிட்ட 'கண்காணிப்பு முதலாளித்துவத்தின் யுகம்' என்ற ஆங்கில நூல் இந்த அபிப்பிராயத்தை மேலும் உறுதிப்படுத்தியது. அதே நூல் எம்மைப் போன்ற வாசகர்களைக் கணக்கிலெடுக்காத இடங்களும் உள்ளன. இரண்டையும் பற்றிப் பேசுவதே இக்குறிப்புகளின் நோக்கம்.

1949 இல் வெளிவந்த '1984' இல் கண்காணிக்கும் திரை சுவரில் இருக்கிறது. அது அங்கே இருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் ஆட்சியின் விருப்பமும். வின்ஸ்டன் தனது அறையில் திரைக்கு எட்டாத ஒரு மூலையைக் கண்டுபிடித்து, அங்கே குந்தியிருந்து நாட்குறிப்பு எழுதுகிறான். நாவலின் உயிர் அந்த மூலையில்தான் இருக்கிறது. அச்சம்தான் அங்கே ஆளும் கருவி. மனிதனின் உள்ளத்தை உடைத்து, தன்னை நேசிக்கச் செய்வதுவரை அந்த ஆட்சி ஓயாது.

ஸுபொஃப் விவரிக்கும் அதிகாரம் இதுவல்ல. அதற்கு எமது அச்சம் தேவையில்லை. நேசமும் தேவையில்லை. நாம் எதை நம்புகிறோம் என்பதில் அதற்கு அக்கறையே இல்லை. நாம் அடுத்து என்ன செய்வோம் என்பது மட்டுமே அதற்கு வேண்டும். ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் நீண்டகாலம் பேராசிரியராக இருந்த இவர் கணினியையும் வேலைத்தலத்தையும் பற்றி 1988 இலேயே நூலெழுதியவர். ஆகவே நேற்றுப் பெய்த மழைக்கு முளைத்தவர் அல்லர்.

அவர் சொல்லும் கதை சுருக்கமாக இதுதான். கூகிளில் நாம் தேடும்போது சொற்களோடு வேறு பல தடயங்களையும் விட்டுச் செல்கிறோம். எந்நேரம் தேடினோம், எழுத்தை எப்படிப் பிழைவிட்டோம், எதைத் தொட்டோம், எங்கே தயங்கினோம் என்பன எல்லாம் அவற்றுள் அடங்கும். ஆரம்பத்தில் இவை தேடலைத் திருத்துவதற்கே உதவின. 2000 ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க இணையக் கம்பனிகள் பல சரிந்து, முதலீட்டாளர்களின் நெருக்குதல் கூடிய வேளையில், இந்த மிச்சத் தடயங்களிலிருந்து ஒருவர் எந்த விளம்பரத்தைத் தொடுவார் என்று முன்கூட்டியே கணிக்கலாம் என்பது கண்டுகொள்ளப்பட்டது. அதன் விளைவு எண்களில் தெரிகிறது. 2001 இல் ஏறத்தாழ 86 மில்லியன் டொலராக இருந்த கூகிளின் வருமானம் 2004 இல் சுமார் 3.2 பில்லியன் டொலராகியது.

இலவசமாகக் கிடைக்கும் சேவையில் நாம்தான் விற்பனைப் பண்டம் என்று ஒரு வாதம் உண்டு. ஸுபொஃப் அதையும் மறுக்கிறார். தந்தத்துக்காக வேட்டையாடப்படும் யானையை அவர் உவமை காட்டுகிறார். விற்கப்படுவது தந்தம். நாம் கைவிடப்பட்ட உடல். யானைகள் உலவும் நாட்டில் வாழும் எமக்கு இந்த உவமைக்கு விளக்கம் தேவையில்லை.

கணிப்பதோடு இது நிற்கவில்லை என்பதுதான் நூலின் முக்கியமான பகுதி. கணிப்புப் பிழைக்காதிருக்க மிகச் சிறந்த வழி, மனிதனின் நடத்தையைக் கணிப்பின் பக்கம் மெல்லத் தள்ளிவிடுவது. 2012 ஜனவரியில் பேஸ்புக் ஒரு வாரகாலம் 689,003 பேருடைய பக்கங்களில் தோன்றும் பதிவுகளைக் கூட்டிக் குறைத்து, அவர்களது மனநிலை மாறுகிறதா என்று பரீட்சித்தது. 2014 இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபோதுதான் உலகம் அதனை அறிந்தது. 2016 இல் வந்த 'பொக்கிமோன் கோ' விளையாட்டில், பிள்ளைகள் மாயப் பிராணிகளைத் துரத்திக்கொண்டு போய்ச் சேர்ந்த இடங்களுள் பணம் கட்டிய உணவகங்களும் இருந்தன.

இனி எமது மொழிக்கு வருகிறேன். 'பெரிய அண்ணன்' என்ற மொழிபெயர்ப்பு தமிழில் அச்சத்தைத் தருவதில்லை. அண்ணன் எமக்குப் பாசத்துக்குரிய உறவு. முஸ்லிம்களின் வழக்கில் அவரைப் 'பெரிய நானா' என்றுதான் அழைக்க வேண்டியிருக்கும். அப்படி அழைத்தால் ஓர்வெல்லின் நாவலே நகைச்சுவையாகிவிடும். ஆனால் 'கண்காணிப்பு' என்று நாம் எழுதும் சொல்லுக்குள்ளேயே வேறொருவர் ஒளிந்திருக்கிறார். அவர்தான் கங்காணி. மலையகத்தின் வரலாறு அறிந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

கங்காணி அந்நியர் அல்லர். பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர், சிலவேளை உறவினர். தமிழகத்துக் கிராமத்திலிருந்து ஆட்களைச் சேர்த்துக் கூட்டிவந்தவர் அவர். வழிச்செலவுக்கு முற்பணம் தந்தவரும் அவர். நல்லது கெட்டதுக்கு வந்து நின்றவரும் அவர்தான். அந்த முற்பணம் தீராக் கடனாகி, கடன் எழுதிய துண்டு தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1921 இல். காலையில் பெரட்டுக்கு வந்து வேலைக்கிறங்கும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அவர் ஆட்களைப் பார்த்ததும் எண்ணியதும் தலைக்காசுக்காக. தொழிலாளியின் மனதில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு வேண்டியதில்லை. பெரட்டுக்கு வந்தால் போதும்.

ஸுபொஃப் அறுநூறு பக்கங்களுக்கு மேல் எழுதி விளக்கும் உறவுமுறைக்குத் தமிழில் இதைவிட நெருங்கிய உருவகம் எனக்குத் தெரியவில்லை. கையில் இலவசமாக ஒன்றைத் தந்து, உறவு கொண்டாடி, தலையெண்ணிக் காசு வாங்கும் அதிகாரம் இது. அதிகாரமும் நெருக்கமும் ஒரே ஆளில் கூடியிருப்பதால்தான் அதனை எதிர்ப்பது கடினமாகிறது. பெரிய அண்ணனை வெறுக்கலாம். பெரிய கங்காணியிடம் நாளைக்கும் கைமாற்றுக் கேட்க வேண்டியிருக்கிறதே!

டேவ் எகர்ஸ் 2013 இல் எழுதிய 'த சர்க்கிள்' நாவல் இந்த நெருக்கத்தை ஓரளவு தொட்டது. அதன் நாயகி மே, தன்னை வேலைக்கெடுத்த மாபெரும் கம்பனியின் விருப்பப்படி கமராவைக் கழுத்தில் அணிந்து தன் வாழ்வை முழுவதுமாகத் திறந்துவிடுகிறாள். யாரும் அவளைச் சித்திரவதை செய்யவில்லை. அவளே விரும்பிச் செய்கிறாள். ஒளிந்து வாழ விரும்பிய மேர்சர்தான் துரத்தப்பட்டுச் சாகிறான். கலைப்படைப்பாக அது பலவீனமான நாவல். பாத்திரங்கள் கட்டுரை பேசுகின்றன. ஆயினும் கீழ்ப்படிதல் இன்பமாக மாறும் இடத்தை அது சரியாகவே காட்டியது.

ஸுபொஃப்பின் நூலில் எனக்குள்ள முறைப்பாடு வேறு. இந்த அதிகாரம் முன்னுதாரணமற்றது என்று அவர் அடிக்கடி சொல்கிறார். கங்காணியை அறிந்தவர்கள் அவ்வளவு சுலபமாக ஆமாம் சொல்ல மாட்டார்கள். மேலும், அவரது மனக்கண் முன்னுள்ள மனிதர் பெரும்பாலும் மேற்குலகின் நடுத்தர வர்க்கத்தவர். தன் வீட்டின் அமைதி பறிபோய்விட்டதே என்று அந்த மனிதர் இப்போதுதான் திடுக்கிடுகிறார். 2001 செப்டெம்பருக்குப் பின்னர் உலகின் பல பாகங்களில் முஸ்லிம்களுக்கு அந்த அமைதி இருந்ததே இல்லை. நியூயோர்க் பொலிஸார் பள்ளிவாசல்களையும் மாணவர் சங்கங்களையும் தேநீர்க் கடைகளையும் வேவு பார்த்ததை 2011 இல் அசோசியேட்டட் பிரஸ் அம்பலப்படுத்தியது. அந்தப் பிரிவின் வேலையிலிருந்து ஒரு பயங்கரவாத விசாரணைக்கான தடயம்கூடக் கிடைக்கவில்லை என்று பொலிஸ் உயரதிகாரி ஒருவரே 2012 இல் சாட்சியமளித்தார்.

அரசின் கண்ணும் கம்பனியின் கண்ணும் ஒன்றாகும் இடத்தை, ஸுபொஃப்பின் நூல் வெளிவந்த மறுவருடமே நாம் கண்டோம். தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் 'முஸ்லிம் ப்ரோ' செயலி உலகெங்கும் 98 மில்லியன் தடவைக்கு மேல் தரவிறக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. அதிலிருந்து பாவனையாளரின் இருப்பிடத் தரவு எக்ஸ்-மோட் என்ற தரகுக் கம்பனிக்குப் போனதையும், அத்தரகர் அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர்களுக்குத் தரவு விற்றதையும் 2020 நவம்பரில் மதர்போர்ட் வெளியிட்டது. செய்தி வந்ததும் அத்தரகரோடு உறவை முறிப்பதாக முஸ்லிம் ப்ரோ அறிவித்தது. வணக்கத்தலங்கள் போன்ற இடங்களுக்குப் போய்வருவோரின் தரவை விற்க, எக்ஸ்-மோட்டின் வாரிசுக் கம்பனிக்கு அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு தடைபோட்டது 2024 ஜனவரியில்தான். கஃபாவின் திசையைக் கேட்டவனிடம் அவன் நிற்கும் இடத்தைப் பறித்துக்கொண்டார்கள். தலைக்காசுக்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. எமது ஊர்களில் இந்தக் கம்பனிகள் எடுத்துக்கொண்டதைப் போலவே, கவனிக்காமல் விட்டதும் நாசம் விளைவித்தது. 2018 பெப்ரவரியில் அம்பாறை உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலந்ததாக ஒரு வதந்தி. அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வு பின்னர் சொன்னது. அதற்கிடையில் மார்ச்சில் திகன எரிந்தது. அரசாங்கம் பேஸ்புக்கைத் தற்காலிகமாகத் தடைசெய்தது. வெறுப்பைப் பரப்பத் தனது தளம் உதவியதற்காக அக்கம்பனி 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. ஒருவர் என்ன வாங்குவார் என்று கணிக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு கூட்டம் எதை எரிக்கப் போகிறது என்று சிங்களத்தில் எழுதியிருந்ததை வாசிக்க ஆளிருக்கவில்லையா? வாசிப்பதில் இலாபம் இருக்கவில்லை என்பதே சரியான விடை.

இங்கேதான் இது எழுத்தாளர்களின் பிரச்சினையாகிறது. கம்பனியும் அரசும் எம்மை ஓயாமல் வாசிக்கின்றன. ஆனால் அவை வாசகர்கள் அல்ல. சொல்லைச் சூழலிலிருந்து பிய்த்தெடுத்து, ஆளைப் பற்றிய கணிப்பாக மாற்றுவதே அவற்றின் வாசிப்பு. அப்படியான வாசிப்பு என்ன செய்யும் என்பதற்கு எமது இலக்கிய உலகிலேயே சாட்சி உண்டு. 'நவரசம்' என்ற கவிதைத் தொகுதிக்காகக் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி, 2021 டிசம்பரில் பிணையில் வந்து, 2023 டிசம்பரில்தான் குற்றமற்றவரென விடுதலையானார். வன்முறையை மறுக்கும் கவிதைகள் இருந்த நூல் அது. கவிதையைத் தடயமாக வாசித்தவர்களால் ஓர் இளைஞனின் வருடங்கள் போயின. அங்கே வாசித்தவர்கள் மனிதர்கள்தான். அதே வாசிப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்தால் பிழைகள் குறையும் என்று நான் நம்பவில்லை. வேகம் கூடும், பிழைக்குப் பொறுப்பேற்க ஆளிருக்காது.

"மறைக்க ஒன்றுமில்லாதவன் எதற்குப் பயப்பட வேண்டும்?" என்று கேட்போர் எம்மிடையேயும் உண்டு. அவர்களுக்குக் கலீபா உமர் (ரழி) அவர்களைப் பற்றி வழங்கிவரும் சம்பவத்தை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். இரவில் ஒரு வீட்டின் மதிலேறிக் குதித்து உள்ளிருந்தவனின் குற்றத்தைக் கண்டார்கள். அவனோ, நான் செய்தது ஒரு பாவம், நீங்கள் செய்தவை மூன்று என்றான். துருவி ஆராய்ந்தது, வாசல் வழியாக வராதது, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது. கலீபா திரும்பிப் போனார்கள். கவனியுங்கள், அந்த மனிதன் நிரபராதி அல்லன். மறைக்க அவனிடம் ஒன்று இருந்தது. ஆனாலும் வீட்டின் மானம் அவனது நல்லொழுக்கத்துக்குக் கிடைத்த பரிசல்ல, அது அவனுக்குரிய உரிமை என்பதே சம்பவத்தின் சாரம். அல்ஹுஜுராத், அந்நூர் அத்தியாயங்கள் போதிக்கும் ஒழுக்கமும் இதுவே. ஸுபொஃப் நூற்றுக்கணக்கான பக்கங்களில் தேடும் புகலிட உரிமைக்கு எமது மரபில் இப்படியொரு வேர் இருக்கிறது. அமானிதம் என்ற சொல்லும் எம்மிடம் இருக்கிறது. ஒப்படைத்த பொருளை விற்றுத் தின்றவனை என்னவென்று அழைப்பது என்பதில் எமக்குக் குழப்பமில்லை.

இத்தனை இருந்தும் எமது புனைகதைகளில் கையடக்கத் தொலைபேசி இன்னும் மத்திய கிழக்கிலிருந்து அழைப்பு வரும் கருவியாகவோ, பிள்ளைகளைக் கெடுக்கும் சாமானாகவோதான் பெரும்பாலும் வருகிறது. கங்காணியை மலையக எழுத்தாளர்கள் வில்லனாக மாத்திரம் எழுதவில்லை. அவரிடம் கடன்பட்டவர்களின் நன்றியையும் கோபத்தையும் சேர்த்தே எழுதினார்கள். அந்த இரட்டை உணர்வோடு இந்தப் புதிய கங்காணியை எழுத ஒரு கதைஞர் எம்மிடையே வரவேண்டும். ஸுபொஃப்பின் நூல் அவருக்குத் தகவலைத் தரும். ஆளைத் தருவதற்கு எமது வாழ்க்கைதான் இருக்கிறது.