'திருமணமான' என்ற சொல்

பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' பற்றி எழுதுகிறவர்கள் கற்பு, சொத்துரிமை என்று பேசிவிட்டு 'கர்ப்பத்தடை' அத்தியாயத்தைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறார்கள். அதான் அரசாங்கமே செய்யுதே என்ற நினைப்பு. நான் அங்கேதான் நிற்பேன். உடல்நலம், வறுமை, சொத்து என்று மற்றவர்கள் சொன்ன காரணங்களைப் பெரியார் ஒதுக்கிவைக்கிறார். பெண்ணின் விடுதலை ஒன்றுதான் அவருக்குக் காரணம்.

அவர் ஒதுக்கியதுதான் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ஜெயித்தது. அத்தை ஆபரேஷன் செய்துகொண்டதற்கு வீட்டில் இன்றும் சொல்லும் விளக்கம்: "ஆறு மா நிலத்த எத்தன பங்கு போடுறது?" அத்தையின் உடம்பு அந்தக் கணக்கிலேயே வராது.

சட்டமும் அதே பாஷைதான் பேசியது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், கருத்தடை சாதனம் பலிக்காமல் போனால் கலைக்கலாம் என்றது. ஆனால் 'திருமணமான' பெண்ணுக்கும் கணவனுக்கும் மட்டும். அதுவும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்க. 2021 திருத்தத்தில்தான் அது எந்தப் பெண்ணுக்கும், அவள் இணையருக்கும் என்றானது. கர்ப்பத்தைத் தடுப்பதும் ஒரு நோக்கமாக அப்போதுதான் சேர்ந்தது. ஒரு 'இஃப் கண்டிஷனை' மாற்ற ஐம்பது வருஷம்! கலைக்கலாமா என்பதில் இன்னமும் டாக்டரின் அபிப்பிராயம் வேண்டும். பெரியார் கேட்டது இது இல்லை.

ஆனால் அவர் கட்டுரையிலும் எனக்கு ஒரு குறை. எதிராளியை மடக்கும் மேடை வேகம் இருக்கிறது. படிக்கிற பெண்ணுக்கு அவள் உடம்பைச் சொல்லித்தரும் பொறுமை இல்லை. இனப்பெருக்கப் பாடம் வந்தபோது எங்கள் வாத்தியார், "நீங்களே படிச்சுக்குங்கப்பா" என்று பக்கத்தைப் புரட்டினார். நாங்கள் கூகுளில் படித்துக்கொண்டோம்.