பதினேழு வருடமும் அதற்குப் பிறகும்

குசினியில் எந்தப் பாட்டுப் போடுவது என்பதைச் சமையற்காரர்தான் தீர்மானிப்பார். நாம் கேட்டபடி கோப்பை கழுவுவோம். ‘கொமன் பீப்பிள்’ அப்படித்தான் எம் காதில் விழுந்தது. பிறகுதான் அதைப் பாடிய பல்ப் குழுவின் தொகுப்புகளைத் தேடிக் கேட்டோம்.

ஷெபீல்ட் நகரில், பாடசாலை மாணவனாயிருந்த ஜாவிஸ் கொக்கர் 1978இல் தொடங்கிய குழு இது. 1983இல் வந்த ‘இற்’ மென்மையானது, நாட்டார் இசையின் சாயல் கொண்டது. 1987இல் வந்த ‘ஃபிறீக்ஸ்’ இருண்டது. இரண்டையும் அதிகம்பேர் கவனிக்கவில்லை. 1989இல் பதிவான ‘செபரேஷன்ஸ்’ 1992 வரை வெளிவராமல் கிடந்தது. நடனக்கூடங்களின் மின்னணுத் தாளம் அதில்தான் வந்து சேர்கிறது. அந்தத் தாளமும் அயல்வீட்டுக் கதைகளும் ஒன்றுகலந்தபோது 1995இல் ‘கொமன் பீப்பிள்’ பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் இரண்டாமிடத்துக்கு வந்தது. தொடங்கிப் பதினேழு வருடங்கள்!

ஏழைகளைப்போல வாழ்ந்துபார்க்க ஆசைப்படும் பணக்கார மாணவி ஒருத்தியைப் பற்றிய பாடல் அது. நினைத்தபோது வீடு திரும்பக்கூடியவள் ஏழையாக முடியாது என்கிறார் கொக்கர். நியாயமான கோபம். ஆனால் திரும்பக்கூடியவர்கள், போக்கிடமற்றவர்கள் என்று இரண்டு சாதியினரைத்தான் அப்பாடல் அறியும். படிப்பைப் பாதியில் விட்டு, இருந்த வீட்டையும் இழந்து, இங்கே கோப்பை கழுவும் எம்மை எதில் சேர்ப்பது? பாடலின் எல்லை அதுதான் என்று நாம் கருதுகிறோம்.

1996இல் ‘மேர்க்குரி’ விருது கிடைத்தது. பரிசுப்பணத்தைப் போரில் அகப்பட்ட சிறுவர்களுக்கான ‘வோர் சைல்ட்’ அமைப்புக்குக் கொடுத்தார்கள். 1998இல் வந்த ‘திஸ் இஸ் ஹாட்கோர்’ முந்தியதைப்போல விற்கவில்லை. துள்ளல் போய், பாடல்கள் நீண்டு, கனத்துவிட்டன. பயமும் முதுமையும் வெறுமையும்தான் அதன் பேசுபொருள். வெற்றிபெற்றவனின் புலம்பல் என்று இதைத் தள்ளிவிடலாம். நாம் தள்ளமாட்டோம். வந்துசேரவேண்டும் என்று வருடக்கணக்காக ஏங்கிய இடத்துக்கு வந்துசேர்ந்து, இது நாம் நினைத்த இடமல்லவே என்று திகைத்துநிற்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன றொக் இசை எமக்கு வேறு தெரியாது. விசா கிடைத்த அன்றிரவு நித்திரையின்றிக் கிடந்தவர்களுக்கு இது விளங்கும்.

2001இல் ஸ்கொற் வோக்கர் தயாரித்த ‘வீ லவ் லைஃப்’ மரங்களையும் செடிகளையும் பாடியது. அடுத்த தொகுப்பான ‘மோர்’ 2025இல்தான் வந்தது. மேடையில் சனங்கள் ‘கொமன் பீப்பிள்’ கேட்டு ஆடுகிறார்கள். ஆடட்டும். வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் வரும்போது நாம் கேட்பது ‘ஹாட்கோர்’தான்.