தோல் பழகும் காலம்

கேரள–தமிழக எல்லையோரக் குன்னத்துகால் வட்டாரத்தின் திருவிழா நோட்டீசு எதை எடுத்தாலும் செண்டைமேளமும் நாதசுர மேளமும் வில்லுப்பாட்டும் ஒரே தாளில் இருக்கும். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆனாலும் நம் கோயில்களில் இரு பக்கத்துக் கொட்டும் இன்றுவரை கேட்கிறது. கொட்டுகிறவர்களின் பெயர் நோட்டீசில் வரும். அந்தத் தோலை ஊறவைத்து, மயிர் களைந்து, இழுத்துக் கட்டியவரின் பெயர் வராது. தோல் கருவிகளின் பாணிகளைப் பற்றி எழுதச் சொன்னபோது, பெயர் வராத அந்த மனிதர் கற்றுக்கொள்ளும் கல்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தோன்றியது.

மிருதங்கம் செய்யும் வீட்டில் பையனுக்கு முதலில் கிடைப்பது தோல் சுமக்கிற வேலை. ஒரு மிருதங்கத்தில் மூன்று விலங்குகள் சேர்கின்றன. வலந்தலையின் மேல்வளையமான வெட்டுத்தட்டு பசுத்தோல். அதன் அடியில் நின்று ஒலிக்கும் கொட்டுத்தட்டு ஆட்டுத்தோல். இரண்டு தலைகளையும் இழுத்துக் கட்டும் வார் எருமைத்தோல். விலங்கு இளசா முற்றலா, வெட்டியது முதுகுப் பக்கமா வயிற்றுப் பக்கமா என்பதைத் தடவிப் பார்த்தே சொல்ல அவன் பழக வேண்டும். வெட்டுத்தட்டுக்குக் கன்று ஈன்ற பசுவின் தோலைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. தோலைத் தரையில் முளையடித்து விரித்து வெயிலில் காயவைப்பது அடுத்த பாடம். வெயில் மிஞ்சினால் தோல் விறைக்கும், குறைந்தால் அழுகும். அந்த வாடையில் நாள் முழுக்க உட்காரப் பழகுவதும் படிப்பில் அடக்கம்.

வார் அறுப்பதில் கை தெரிந்துவிடும். அகலம் மாறாமல் நீளமான நாடாவாக அறுத்து எடுக்க வேண்டும். ஓரிடத்தில் மெலிந்தால், பிடிக்கும்போது அங்கேதான் அறும். தலை விளிம்பின் பதினாறு கண்களிலும் (துளைகளிலும்) வாரைக் கோத்து, கட்டையைக் காலால் உதைத்துக்கொண்டு உடம்பின் முழுப் பலத்தையும் கொடுத்து இழுக்கிறார்கள். பல ஆண்டு வார் பிடித்தவரின் விரலிடுக்கில் தழும்பு ஏறியிருக்கும்.

சோறு போடும் வேலை கடைசியாகத்தான் கைக்கு வரும். வலந்தலையின் நடுவில் கறுப்பாகத் தெரிகிறதே, அதுதான் அந்தச் சோறு. இரும்பும் மாங்கனீசும் கலந்த ஒருவகைக் கல்லைப் பொடித்துச் சலித்து, வடித்த சோற்றோடு பிசைந்து, மெல்லிசாகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துக் காயவைக்கிறார்கள். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. இப்படியே அடுக்கடுக்காக, விளிம்பில் மெலிந்தும் நடுவில் தடித்தும் அது உயர்கிறது. அவசரப்பட்ட பூச்சு சில கச்சேரிகளிலேயே உதிர்ந்துவிடும். எவ்வளவு தேய்த்தால் போதும் என்பதற்குக் கணக்குக் கிடையாது. தட்டிக் கேட்கும் காதுதான் அளவு.

அந்தக் காதின் அளவு எவ்வளவு நுட்பமானது என்பதை அறிவியல் உலகத்துக்குச் சொன்னவர் சி.வி. ராமன். வெறும் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் அதில் எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. நடுவில் ஏற்றிய கரும்பூச்சு அவற்றை வரிசைப்படுத்தி, தந்தி வாத்தியத்துக்கு நிகரான சுருதி ஒழுங்கைத் தோலுக்குக் கொடுக்கிறது. 1920இல் ‘நேச்சர்’ இதழிலும் 1934இல் இன்னும் விரிவாகவும் அவர் எழுதியது இதைத்தான். அவர் எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஒழுங்கைச் சோற்றையும் கல்லையும் வைத்துக் கண்டடைந்தவர்களைக் கைவினைஞர் என்ற ஒரு சொல்லோடு நாம் நிறுத்திக்கொள்வது நியாயமாகப் படவில்லை.

பாணிகளுக்கு வருவோம். மிருதங்கத்தில் தஞ்சாவூர்ப் பாணி, புதுக்கோட்டைப் பாணி என்று இரண்டைச் சொல்வார்கள். முதலாவதற்குத் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரும், இரண்டாவதற்கு மான்பூண்டியா பிள்ளையும் தட்சிணாமூர்த்திப் பிள்ளையும் முகம். இதெல்லாம் வாசிப்பை வைத்துச் செய்த பகுப்பு. செய்பவர்களிடம் கேட்டால் வேறு பகுப்பு கிடைக்கும்: தட்டுகளுக்கு இடையே சிறு குச்சிகளைச் செருகி நாதம் எடுக்கும் குச்சி மிருதங்கம், பொடிக்கல்லை இட்டு எடுக்கும் கப்பி மிருதங்கம். ஆண் குரலுக்கு நீளமான தக்கு, பெண் குரலுக்குக் குட்டையான எச்சு. பதினாறு கண்ணிலும் சுருதி ஒன்றாக நிற்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு.

இந்த இரண்டு பகுப்பும் மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயரிடம் (1912–1981) சந்திக்கின்றன. தஞ்சாவூர் செபாஸ்டியனின் மகன் பர்லாந்து பல ஆண்டுகள் அவருக்கு மிருதங்கம் செய்தார். இன்ன நாதம் வேண்டும் என்று ஐயர் கேட்க, பர்லாந்து தோலை மாற்றிப் பார்ப்பார், பூச்சை மாற்றிப் பார்ப்பார். நாம் மணி ஐயர் பாணி என்று கொண்டாடும் ஒலியில் பாதி பர்லாந்துவின் கைப்பாணி என்பேன். பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020இல் செபாஸ்டியன் குடும்பத்தையும் மற்ற மிருதங்கம் செய்பவர்களையும் பற்றித் தனி நூலே எழுதினார். செய்பவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். தோலைத் தொட்டவன் என்று அவர்களை வாசலோடு நிறுத்திய வீடுகளில், அவர்கள் கட்டிய தோல் மட்டும் பூசை அறைக்குள் போனது. இந்த அநீதியைச் சொல்லாமல் பாணிகளின் வரலாற்றை எழுதுவது பொய்யாகிவிடும்.

மலையாளப் பக்கத்தின் பள்ளி வேறு. பாலக்காட்டுப் பெருவெம்பு தோல் கருவிகளுக்கென்றே பெயர்பெற்ற ஊர். அங்கே செண்டை, மத்தளம், மிருதங்கம் எல்லாம் குடும்பத் தொழில். செண்டைக்குக் கரும்பூச்சு கிடையாது. அதனால் ஒலியின் முழுப் பொறுப்பும் தோலின் தடிப்பில் விழுகிறது. இடந்தலைக்கு மெல்லிய தோல். தாளம் காக்கும் வலந்தலைக்குப் பல அடுக்குத் தோலை ஒட்டுகிறார்கள். ஒட்டுவதற்குப் பனச்சிக்காய்ப் பசை. இடக்கா என்ற கொட்டுக்கு மாட்டு வயிற்றின் உட்சவ்வே போதும், அவ்வளவு மெல்லிசு. மிருதங்க வீட்டுப் பையன் பூச்சில் தேற வேண்டியதைச் செண்டை வீட்டுப் பையன் தோலைச் சீவுவதில் தேற வேண்டும்.

கட்டை மட்டும் இரண்டு பக்கமும் பெரும்பாலும் பிலாமரந்தான். நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்து அம்மச்சிப் பிலாவை நாம் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மா ஒளிந்த பொந்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம். தோல் வேலைக்காரர் ஒரு பிலாவைப் பார்த்தால் அதன் வைரத்தைத்தான் முதலில் கணக்கிடுவார்.

தோலும் மாறாமல் நிற்கவில்லை. கஞ்சிராவுக்கு உடும்புத் தோல்தான் தரம் என்றிருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காப்பதால் ஆட்டுத்தோலில் அந்த நெகிழ்வைக் கொண்டுவர முயல்கிறார்கள். மிருதங்கத்தில் வாருக்குப் பதில் போல்ட்டும் நட்டும் வந்தன. தவிலுக்கு இரும்பு வளையம் வந்தது. செயற்கைத் தோலும் வந்துவிட்டது. வார் பிடிக்கும் வலி குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் தோல் மிருதங்கத்துக்குச் சோறு போடுவது இன்னும் கைவேலைதான். அதைப் பொறுமையாகக் கற்க வரும் பிள்ளைகளோ குறைவு. வெளி மனிதர் மதிக்காத, வருமானம் நிலையில்லாத வேலைக்குத் தன் பிள்ளையை அனுப்பத் தகப்பன் தயங்குவதைக் குறை சொல்ல முடியாது.

1939இல் தொடங்கிய திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி நம் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே மிருதங்கம் வாசிக்கக் கற்கும் நம் பிள்ளைகள் ஒரு கோடை விடுமுறையைத் தோல் பட்டறையில் கழிக்க வேண்டும்; கற்றுத் தருபவருக்கு ஆசிரியர் என்ற பெயரும் அதற்குரிய சம்பளமும் கொடுக்க வேண்டும்.